பச்சைத் துணி கட்டிய முளை

கரையிலிருந்த ஓட்டை ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என் வீட்டுக்கு வந்தது. கூடத்துச் சுவரில், காலண்டருக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நண்டு தாராளமாக நுழையலாம். இரண்டு நண்டுகள் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் நுழைய வேண்டும். சேற்று வாடை அடித்தது. மற்றபடி தொந்தரவு இல்லை.

என் மனைவி சவுந்தரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருங்க இது?"

"ஆத்தங்கரையிலேர்ந்து வந்துருக்கு."

"தங்குமா?"

"தெரியல."

"முன்னாலயே சொல்லியிருந்தா கூடக் கொஞ்சம் ஒல வெச்சிருப்பேன்ல," என்றாள். விருந்தாளி விஷயத்தில் அவள் கறார். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஓட்டையின் வாயருகே பிடித்தாள். ஓட்டை குடித்தது. அவளுக்கு அதன் மேல் பிரியம் வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் நெய்விளாகம் பண்ணையின் காரியஸ்தன். பெயர் சிங்காரவேலு. நிலம், நடவு, களம், ஆட்கள், ஆற்றங்கரை எல்லாம் என் பொறுப்பு. முதலாளி மாடியில் இருக்கிறார். என்னிடம் பேச வேண்டுமென்றால் மாடிப்படியில் பாதி வரை இறங்கி வந்து நின்றுகொள்வார். அதற்குக் கீழே வந்ததில்லை. ஆகவே அவருடைய பாதங்களை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். இடது பாதம் நல்ல மாதிரி. வலது பாதத்துக்கு யாரையும் நம்பத் தெரியாது.

எங்கள் ஊர் ஆற்றைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. ஆறு மேலே போகிறது, நாங்கள் கீழே சமைத்துச் சாப்பிடுகிறோம். நடுவில் இருப்பது கரை ஒன்றுதான். அதனால் ஊர் அந்தக் கரையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. ஆடி பிறந்ததும் கயிறு பிடித்து அளந்து, வீட்டுக்கொரு பங்கு விடுவோம். பங்கு தொடங்கும் இடத்தில் ஒரு முளைக்குச்சி அடிப்போம். அந்த வீட்டுப் பழைய சேலையிலோ வேட்டியிலோ ஒரு துண்டு கிழித்து அதில் கட்டுவோம். துணியைப் பார்த்தால் யார் பங்கு என்று தெரிந்துவிடும். உன் பங்கில் ஓட்டை விழுந்தால் நீதான் அடி வரைக்கும் தோண்டி, களிமண் போட்டு, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வெள்ளம் வந்தால் உன் பங்கில் நீதான் நிற்க வேண்டும். அடுத்தவர் பங்கில் கால் வைப்பது மரியாதை இல்லை.

முளை அடிக்கிற வேலை பண்ணைக் காரியஸ்தனுடையது. அவன் அடித்தால் அடித்ததுதான். யாரும் வந்து சரிபார்க்க மாட்டார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பண்ணைப் பங்கின் கடைசியில் அந்த ஓட்டையைப் பார்த்தேன். சின்னதுதான். கையை விட்டேன். தோள் வரை போயிற்று. இன்னும் போகும் போல இருந்தது. இதைத் தோண்ட வேண்டுமென்றால் பாதிக் கரையைப் பிரிக்க வேண்டும். ஆட்கள் எல்லோரும் நடவில் இருந்தார்கள். நடவை நிறுத்தினால் வலது பாதம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த பங்கு தையல்நாயகியுடையது. அவள் வாத்து மேய்க்கிறவள். புருஷன் போய்விட்டான். கரைக்குக் கீழேயே வீடு. அவளுடைய முளையில் பச்சைத் துணி கட்டியிருந்தது, மாங்காய் போட்ட சேலைக் கரை. நான் அந்த முளையைப் பிடுங்கி, பண்ணைப் பக்கமாக ஒரு எட்டு தள்ளி நட்டேன். அவ்வளவுதான். ஓட்டை அவள் பங்குக்குப் போய்விட்டது. தையல்நாயகி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாத்துகளோடு நின்றிருந்தாள். முதுகு என் பக்கம் இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஓட்டை எனக்கு முன்னால் வந்திருந்தது.

மறுநாள் கரைக்குப் போனேன். ஓட்டை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மண் வழவழவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓட்டையே இல்லையென்றால் முளை எங்கே இருந்தால் என்ன?

லஸ்கர் பக்கிரிசாமி ஆற்றில் நின்றிருந்தார். ஆற்றின் மட்டம் பார்ப்பது அவர் வேலை. வருடக்கணக்காகத் தண்ணீரில் நின்று நின்று அவர் காலிலிருந்து கழுத்து வரை அளவுக் கோடுகள் விழுந்துவிட்டன. இப்போதெல்லாம் ஊரார் அவரைப் பார்த்தே மட்டம் தெரிந்துகொள்கிறார்கள். அன்று முழங்கால்.

"இங்க ஒரு ஓட்டை இருந்துச்சே," என்றார்.

"அப்படியா?"

"எங்க போச்சு?"

"அதுக்குப் பிரியப்பட்ட எடத்துக்குப் போயிருக்கும்."

அவர் யோசித்தார். தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"ஓட்டைதான் போயிருக்கு, காரியஸ்தரய்யா. அதோட ஆழம் இங்கயேதான் இருக்கு."

"வெறும் ஆழம் என்ன செய்யும்?"

"ஓட்டை இருந்தா தோண்டி அடைக்கலாம். ஆழத்த எங்கேர்ந்து தோண்டுறது? வெள்ளம் வந்தா இந்த எடந்தான் பிச்சிக்கும். கீழ யாரு வீடு?"

எனக்குத் தெரியாத மாதிரி எட்டிப் பார்த்தேன். கீழே தையல்நாயகி முறத்தில் தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

"ஓட்டை திரும்பி வராதா?" என்று லஸ்கரைக் கேட்டேன்.

"அதோட எடத்த அதுக்குக் குடுத்தா வரும்," என்றார். பிறகு ஒரு மீன் அவர் காலைக் கடந்தது. அதைக் குறித்துக்கொள்வதில் ஆழ்ந்துவிட்டார்.

முளையைப் பழைய இடத்தில் நட்டால் போதும். கரைக்கு ஓட்டை வந்துவிடும். பண்ணை ஆட்களை வைத்துத் தோண்டி அடைத்துவிடலாம். ஐப்பசி வெள்ளத்துக்குள் மண் இறுகிவிடும். தையல்நாயகியின் வீடு நிற்கும். இவ்வளவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முளைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். வயலில் நடவு ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். செருப்பில் முள் குத்தியது போலக் காலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

வேறு வழி பார்த்தேன். ஓட்டையை வீட்டிலேயே அடைத்துவிட்டால் ஆழமும் சேர்ந்து அடைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கூடை கூடையாகக் களிமண் கொண்டுவந்து போட்டேன். வைக்கோல் போட்டேன். தேங்காய் மட்டை போட்டேன். ஓட்டை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சவுந்தரம் என்னை முறைத்தாள்.

"வந்த எடத்துல இப்படியா திணிக்கிறது? அதுக்கு வயிறு என்னத்துக்கு ஆவும்?"

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மாடிப்படியில் களிமண் கிடந்தது. என் விரல் பதிந்த அதே களிமண். பாதங்கள் அதற்கு மேல் படியில் நின்றன.

"சிங்காரவேலு."

"அய்யா."

"இது எந்த மண்ணு?"

"களிமண்ணுங்க."

"நம்ம மண்ணா?"

"நம்ம மண்ணுதாங்க."

"அப்ப சரி."

இடது பாதம் சமாதானமாயிற்று. வலது பாதத்தின் கட்டைவிரல் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்ம பங்குக் கரை எப்படி?"

"பலமா இருக்குங்க."

"ஓட்டை கீட்டை?"

"நம்ம பங்குல இல்லீங்க."

பாதங்கள் மேலே போய்விட்டன. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சவுந்தரத்திடம் அதைச் சொன்னேன். "நான் கேக்கவே இல்லியே," என்றாள்.

புரட்டாசியில் தையல்நாயகி என் வீட்டுக்கு வந்தாள். வாசல் நிறைய வாத்துகள். கையில் ஒரு கூடை முட்டை.

"காரியஸ்தரய்யா, இந்த வருசம் எம் பங்குல ஒரு ஓட்டைகூட இல்லியாம். லஸ்கரு சொன்னாரு. நீங்க பாத்து வெச்ச முளை, அதான். இத வீட்டுக்கு வெச்சுக்குங்க."

சவுந்தரம் கூடையை வாங்கிக்கொண்டாள். வாத்துகள் என்னைக் கேட்காமலே கூடத்துக்குள் வந்து, ஓட்டையின் முன்னால் வரிசையாக நின்றன. கோயிலில் நிற்பது போல நின்றன. தையல்நாயகி அவற்றை விரட்ட வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டாள்.

"அய்யோ, என்னங்கய்யா இது, ஒங்க வூட்டுல ஓட்டை விழுந்துருக்கே!"

"அது சும்மா."

"சும்மான்னா? வெள்ளத்துல செவுரு எறங்கிறாது? இருங்க வர்றேன்."

போனாள். ஒரு சட்டி களிமண்ணோடு வந்தாள். மறுபடி போய் இன்னொரு சட்டி கொண்டுவந்தாள். நல்ல களிமண், புளிக்க வைத்துப் பிசைந்தது. அவள் தன் கரைக்கென்று சேர்த்து வைத்திருந்த மண் அது.

"அது ஒன் பங்குக்கு வெச்சிருந்ததுல்ல?" என்றேன்.

"எம் பங்குலதான் ஓட்டை இல்லியே."

ஆழம் பார்ப்பதற்குக் கையை உள்ளே விட்டாள். தோள் வரை போயிற்று. கன்னம் சுவரில் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடித் துழாவினாள்.

"உள்ள என்னமோ தட்டுப்படுது. கல்லு. வாசப்படிக் கல்லு." இன்னும் துழாவினாள். "எங்க வூட்டு வாசப்படி மாதிரில்ல இருக்கு!"

"எல்லா வாசப்படியும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கும்."

"மூலை ஒடஞ்சிருக்கு. எங்களதும் அப்படித்தான்."

"எல்லா வாசப்படிக்கும் மூலை ஒடையும்."

"அதுவும் சரிதான்," என்றாள்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து அடைத்தாள். சவுந்தரம் காபி கொடுத்தாள். நான் அடைத்தபோது நிரம்பாத ஓட்டை அவள் கைக்கு நிரம்பியது. கடைசியில் உள்ளங்கையால் தட்டித் தட்டி வழித்துவிட்டாள். சுவர் சுவராக இருந்தது. அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. எத்தனை நாள் போயும் காயவில்லை.

அவள் போன பிறகு சவுந்தரம் எனக்கு ஒரு முட்டையை உடைத்தாள். உள்ளே ஆற்றுத் தண்ணீர் இருந்தது. இன்னொன்றை உடைத்தாள். அதிலும் தண்ணீர்தான், கூட ஒரு சின்னக் கிளிஞ்சல். தனக்கு ஒன்று உடைத்தாள். அது நல்ல முட்டை.

"ஒங்க பங்குக்கு வந்ததுதான் இப்படி இருக்கு," என்று சொல்லிவிட்டு ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் மண்ணைக் கொண்டுவந்து என் சுவரைப் பூசிவிட்டுப் போகிறாள், நான் காபி கொடுக்கச் சொல்கிறேன். முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சட்டை மாற்றிக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனேன்.

கெட்ட செய்தி கொண்டுபோகிறவருக்குப் பண்ணை வீட்டுத் தாழ்வாரம் நீளும். கட்டும்போதே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நான் நடந்தேன். தூண்கள் வந்துகொண்டே இருந்தன. கொஞ்ச தூரத்தில் சிமெண்டுத் தரை முடிந்து வரப்பு தொடங்கியது. தாழ்வாரத்துக்குள்ளேயே நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"எங்க போறீங்க?"

"மொதலாளியப் பாக்க."

"சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"அப்ப தூரமாச்சே. சாப்புட்டுட்டுப் போங்க."

கஞ்சி கொடுத்தார்கள். தூணில் சாய்ந்து குடித்தேன். பசி அடங்கியதும் எனக்கு நியாயங்கள் தோன்ற ஆரம்பித்தன. ஓட்டைதான் அடைத்தாயிற்றே. ஆழம் கீழம் என்று லஸ்கர் உளறுகிறார், எந்நேரமும் தண்ணீரில் நிற்கிற மனிதர். இந்த வருடம் வெள்ளம் வராமலும் போகலாம். அறுப்பு முடியட்டும், பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி நினைத்த மறுகணமே மாடிப்படி என் எதிரில் இருந்தது. கஞ்சிக் கலயத்தைக்கூட நான் கீழே வைக்கவில்லை.

"என்ன?" என்றன பாதங்கள்.

"மழை வரும் போல இருக்குங்க."

மழை வந்தது. ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை விடவில்லை. லஸ்கரின் இடுப்புக்கு ஏறியது, பிறகு தொப்புளுக்கு. ஒரு மத்தியானம் பண்ணை ஆபீசில் இருந்தேன். ஒருவர் உள்ளே வந்தார். இடுப்புக்கு மேலே காய்ந்திருந்தார், இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தார். வெளியே மழை நேர்மாறாகத்தான் பெய்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டார்.

"மேலேர்ந்து வர்றேன்," என்றார். "வெள்ளத்துக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எந்த வழியா வர்றது?"

"எந்த வழியாவும் வேணாங்க."

"அது முடியாது. தண்ணி ஜாஸ்தி. ஒரு எடத்துல உள்ள வந்துதான் ஆவணும். சொல்லிட்டா ஒரு எடத்தோட போவும். சொல்லலைன்னா எல்லா எடத்துலயும் வரும்."

"கரையப் பாத்து நீங்களே வந்துக்குங்களேன்."

"நாங்க எடம் பாத்து வர்றதில்ல. பேரு பாத்துத்தான் வர்றது." அவர் மரியாதையாகப் பேசினார். காலடியில் குளம் கட்டிக்கொண்டிருந்தது. "வர்ற வழியில பாத்தேன். பச்சைத் துணி கட்டி ஒரு முளை இருக்கு. நல்ல துணி. மாங்காய்க் கரை. அது யாரு?"

அவர் கேட்டது யாருடைய துணி என்றுதான். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்.

"தையல்நாயகி."

"தையல்நாயகி," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "ரொம்ப நல்லது."

"இருங்க. நான் பேரத்தான சொன்னேன்."

"பேருதாங்க வேணும்," என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனார். எழுந்து பின்னால் ஓடியிருக்கலாம். மேஜைக்கடியில் தண்ணீர் என் கணுக்கால் வரை இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் தப்பு அடித்தார்கள். ஊரே கரைக்குப் போயிற்று. அவரவர் துணி பார்த்து அவரவர் பங்கில் நின்றார்கள். பண்ணைப் பங்கில் நான் நின்றேன். அதன் கடைசி வரை போய் நின்றேன். எனக்கும் தையல்நாயகிக்கும் நடுவில் ஒரு எட்டுதான் இருந்தது. அவள் தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். வாத்துகள் அவள் காலைச் சுற்றி நின்றன. ஆறு எங்கள் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு போயிற்று.

"மாரு!" என்று கத்தினார் லஸ்கர். கொஞ்ச நேரத்தில், "கழுத்து!" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்க முடியவில்லை.

ஈரமான ஆள் தண்ணீரோரமாக நடந்து வந்தார். ஒவ்வொரு முளையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பச்சைத் துணியருகே நின்றார்.

"தையல்நாயகிங்கறது?"

"நாந்தாங்க," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவரு யாருங்கய்யா? ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?"

ஊரே என்னைப் பார்த்தது. அந்த முளை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடுங்கி ஒரு எட்டு நகர்த்தி, இது எங்கள் இடம், என் பெயர் இன்னது என்று சொன்னால் முடிந்தது. நான் தலையைக் குனிந்தேன். என் பாதங்களைப் பார்த்தேன். அவை முதலாளியின் பாதங்களாக இருந்தன. இடது பாதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது பாதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாதும்மா," என்றேன்.

இது பொய். அதுவரை நான் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. உண்மையாகவே சொல்லிச் சொல்லி இங்கே வந்து சேர்ந்திருந்தேன்.

ஈரமான ஆள் தையல்நாயகிக்கு ஒரு கும்பிடு போட்டார். கரை திறந்தது. சத்தமே இல்லை. தெரிந்தவருக்குக் கதவு திறப்பது போலத் திறந்தது. ஆறு அதற்குள் ஒருக்களித்து இறங்கியது. கீழே தையல்நாயகியின் வீடு அடுப்பு, முறம், வாத்துக் கூண்டு, மூலை உடைந்த வாசப்படி எல்லாவற்றோடும் கரையின் ஆழத்துக்குள் போக ஆரம்பித்தது.

"கதவச் சாத்தாம வந்துட்டேங்க," என்றாள் தையல்நாயகி. "ஒரு நிமிசம், சாத்திட்டு வந்துடுறேன்."

இறங்கிப் போனாள். வாத்துகள் வரிசையாகப் பின்னால் போயின. கடைசி வாத்து உள்ளே போனதும் கரை மூடிக்கொண்டது. பச்சைத் துணியும் முளையும்கூட இல்லை. மண் வழவழவென்று இருந்தது.

"எறங்குது," என்றார் லஸ்கர். "இடுப்பு. முழங்காலு."

பண்ணை வயலில் ஒரு பயிர்கூடச் சாயவில்லை. ஊரில் எல்லோரும் என்னிடம் வந்து, நல்லபடியாகப் போயிற்று என்று சொன்னார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை. முதலாளி எனக்குத் தன்னுடைய பழைய செருப்பைக் கொடுத்தனுப்பினார். அளவு சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் களிமண் உதிர்ந்து கிடந்தது. ஓட்டை திறந்திருந்தது. உள்ளே யாரோ வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெருக்கும் சத்தம் நின்றது.

"காரியஸ்தரய்யா வந்துட்டாங்களா? ஒங்க வூடு நனையலியே?"

"இல்லம்மா," என்றேன்.

"அதான் வேணும்," என்றாள் தையல்நாயகி. மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அவள் எங்களுக்குப் பக்கத்து வீடு. சவுந்தரம் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் ஓட்டை வழியாகப் போகும். கிண்ணம் கழுவித் திரும்பி வரும், உள்ளே ஒரு முட்டையோடு. இரண்டு பேரும் சுவரின் இரு பக்கமும் உட்கார்ந்து நாளெல்லாம் பேசினார்கள். நான் கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். கொல்லைப்புறம் சுற்றிப் போய் அடுக்களையில் சாப்பிட்டேன். என் இலையில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்தது. அந்த வருடம் நல்ல விளைச்சல். களத்தில் நெல்லைத் தூற்றியபோது ஒவ்வொரு மணிக்குள்ளும் அவள் பெருக்குகிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. மற்றவர்கள் தூற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மறுபடி ஆடி பிறந்தது. கயிறு எடுக்கப் போனேன். சவுந்தரம் கூப்பிட்டாள்.

"ஒங்களத்தான் தேடுது அந்தப் பொண்ணு."

கூடத்துக்குப் போனேன். ஓட்டையிலிருந்து ஒரு பச்சைத் துணி வெளியே வந்துகொண்டிருந்தது. மாங்காய்க் கரை. நனைந்திருந்தது.

"முளை அடிக்கப் போறீங்களாமே அய்யா," என்றாள் தையல்நாயகி உள்ளேயிருந்து. "எனக்கு வெளிய வர வசதிப்படல. எம் பங்கையும் நீங்களே பாத்து வெச்சிருங்க."

துணியை வாங்கிக்கொண்டேன். பிழிந்தேன். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வாசலில் செருமும் சத்தம் கேட்டது. ஈரமான ஆள் நின்றிருந்தார். இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டார்.

"எந்த வழியாங்க?" என்றார்.

"ஒரு நிமிசம் இருங்க," என்றேன். துணியை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். பல்லால் இறுக்கினேன்.

"ஆள் மேல கட்டுற வழக்கம் இல்லியே," என்றார்.

"இனிமே உண்டு."

நான் ஓட்டையின் முன்னால் போய்க் குந்தினேன். வாயருகே முகத்தைக் கொண்டுபோனேன்.

"தையல்நாயகி."

"சொல்லுங்கய்யா."

"போன வருசம் ஒன் முளைய நான் தள்ளி நட்டேன். ஓட்டை எங்களுது."

உள்ளே ஒரு வாத்து கத்தியது. அவள் அதை அதட்டினாள்.

"தெரியுங்கய்யா. வாய்க்காலுக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"ஏம்மா கேக்கல?"

"காரியஸ்தரு வெக்கிறாரு, ஏதாவது காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்." விளக்குமாற்றைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. "காரணம் இருந்துச்சாங்கய்யா?"

வருடம் முழுவதும் சேர்த்து வைத்திருந்த நியாயங்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது.

"நடவு இருந்துச்சும்மா."

"ஆமா," என்றாள் தையல்நாயகி. "நடவு நேரந்தான் அது."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாள். நான் அழுதேன். அழுததெல்லாம் ஓட்டைக்குள் போயிற்று, அவள் வாசலில் விழுந்திருக்கும்.

"பேரு சொன்னீங்கன்னா கெளம்பிருவேன்," என்றார் வாசலில் நின்றவர்.

"சிங்காரவேலு," என்றேன்.

அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சவுந்தரம் அரிசிப் பானையைப் பரணில் ஏற்ற ஆரம்பித்தாள்.

"யாருங்கய்யா அது, பேரெல்லாம் கேக்குறாரு?" என்றாள் தையல்நாயகி. "ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவருதாம்மா," என்றேன். "நீ கதவச் சாத்திக்க."

அவள் வாத்துகளை உள்ளே ஓட்டும் சத்தம் கேட்டது.